68 புள்ளி எடுத்தும் கனடா அழைப்பு ஏன் வரவில்லை?

படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கொட்டகலைப் பக்கத்துத் தம்பி. வயது 36, பேராதனைப் பட்டதாரி, தோட்டக் காரியாலயம் ஒன்றில் எட்டு வருடமாகக் கணக்கு வேலை. மனைவிக்கு 29 வயது. மூன்று வருடத் தாதியர் டிப்ளோமா முடித்து, கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக வேலை செய்கிறார். இருவரும் ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதி, நான்கு பிரிவிலும் 6 எடுத்திருக்கிறார்கள். இருவரின் படிப்பும் கனடாவுக்கான மதிப்பீடு முடிந்து, மூன்று வருடம் அல்லது அதற்கு மேல் என்று வந்திருக்கிறது. பிள்ளைகள் இல்லை. டவுனில் உள்ள ஒரு ஏஜென்ட், “67 இருந்தா போதும், உங்களுக்கு 68, பாஸ்” என்று சொல்லிக் காசு வாங்கி, கனடாவின் குடிவரவுப் பதிவு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பத்து மாதம் ஆகிறது. கேட்டால், “லைன்ல இருக்கு, வரும்” என்கிறாராம்.

தம்பி, 68 பொய் இல்லை. ஆனால் அது வாசலுக்குள் விடுவதற்கான புள்ளி. உள்ளே போனபின் உங்களை நிறுத்திவைக்கும் வரிசைக்கு வேறு கணக்கு. அந்தக் கணக்கில் உங்களுக்கு இப்போது 1200க்கு 299.

நம் பிள்ளைகளுக்கு இது புதுக்கதை அல்ல. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. இடம் கிடைக்கும் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? இசட் புள்ளி எவ்வளவு, நுவரெலியா மாவட்டத்துக்கு இந்த முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்போம். அதுவும் நம்மோடு எழுதியவர்கள் எப்படிச் செய்தார்கள், எத்தனை இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கனடாவின் 67 என்பது மூன்று ‘எஸ்’, அதாவது வெறும் சித்தி. வரிசைப் புள்ளிதான் இசட் புள்ளி. மாவட்டக் கோட்டா போன்ற ஒன்றும் அங்கே உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் 68 எப்படி வந்தது? ஆங்கிலத்துக்கு 16, பட்டத்துக்கு 21, ஆறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, 36 வயதுக்கு 11, மனைவிக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதற்கு 5. இது 100க்கான பழைய பாணிப் பட்டியல். கனடாதான் உலகில் முதன்முதலாக, 1967இல், குடிவரவுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் பாஸ் மார்க்கைத் தாண்டிய எல்லோரின் கோப்பும் வந்த வரிசையில் மேசையில் ஏறும். கோப்புகள் மலை போலக் குவிந்து வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அதைத் தீர்க்கத்தான் 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தது. இப்போது தகுதி உள்ள எல்லோரும் ஒரு தொட்டிக்குள் போவார்கள். சில கிழமைகளுக்கு ஒருமுறை அரசாங்கம் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இத்தனை பேருக்கு அழைப்பு என்று முடிவுசெய்து, மேலிருந்து எண்ணிக்கொண்டு வரும். கடைசியாக எடுத்தவரின் புள்ளிதான் அந்தச் சுற்றின் வெட்டுப்புள்ளி. ஒரே புள்ளியில் பலர் நின்றால் முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை. பதிந்த திகதிக்கு அதைத் தவிர வேறு பெறுமதி கிடையாது. ஆகவே “லைன்ல இருக்கு, வரும்” என்பது பழைய காலத்துப் பேச்சு. 299 புள்ளியோடு பத்து மாதம் நின்றாலும் பத்து வருடம் நின்றாலும் அது தானாக நகராது. சொல்லப்போனால் பிறந்தநாள் வரும்போது குறையும். இன்னொன்று, பதிவு 12 மாதத்தில் காலாவதியாகும். உங்களுடையதுக்கு இரண்டு மாதம்தான் மிச்சம்.

வெட்டுப்புள்ளி எவ்வளவு தூரம் ஆடும் என்பதற்கு ஒரு உதாரணம். 2021 பெப்ரவரி 13 அன்று, கொரோனாவால் எல்லை மூடியிருந்த நேரம், ஏற்கெனவே கனடாவில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று வைத்தார்கள். ஒரே நாளில் 27,332 அழைப்பு, வெட்டுப்புள்ளி 75. அதே கனடா அனுபவப் பிரிவுக்கு 2025இல் 500க்கு மேல் வேண்டியிருந்தது. இன்னும் 75ஐக் காட்டி ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு ஒருமுறை திறந்தது, அதுவும் இங்கிருந்து போகிறவர்களுக்கு அல்ல.

இனி உங்கள் 299ஐப் பிரிப்போம். துணையோடு போகிறவருக்கான அட்டவணையில் 36 வயதுக்கு 65, பட்டத்துக்கு 112, ஆங்கிலத்துக்கு 64. மனைவியின் படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து 20. இதற்கு மேல், படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு கூட்டுப் புள்ளி, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்தால் இன்னொன்று. அவை உங்களுக்கு 13உம் 25உம்.

இப்போது பெயரை மட்டும் மாற்றுவோம். மனைவி பிரதான விண்ணப்பதாரி, நீங்கள் துணை. 29 வயதுக்கு 100. மற்ற எல்லாம் அப்படியே. மொத்தம் 334. ஒரு பரீட்சையும் எழுதாமல், ஒரு சதமும் செலவழிக்காமல் 35 புள்ளி. 67க்கான வாசலையும் அவர் சரியாக 67 எடுத்துத் தாண்டுகிறார். நம் பக்கம் ஃபோம் என்றாலே ஆம்பிளை பெயரில்தான் நிரப்புவார்கள். ஏஜென்டும் அதையே செய்திருக்கிறார். கனடாவுக்குக் குடும்பத் தலைவர் யார் என்ற கவலை இல்லை. கணவன், மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் ஆளுக்கொரு பதிவு தனித்தனியே போடவும் அனுமதி உண்டு. பதிவு போடுவது இலவசம் என்பதையும் அந்த ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. துணையோடு போகிறவருக்கு 20 முதல் 29 வரை 100 புள்ளி. 30இலிருந்து வருடத்துக்கு 5 கழியும், 40க்குப் பிறகு வருடத்துக்கு 10, 45இல் பூச்சியம். அடுத்த பிறந்தநாளோடு உங்கள் மனைவிக்கு 5 போகும். அதற்காகப் பதற வேண்டாம், ஏனென்றால் ஆங்கிலத்தில் கிடக்கும் புள்ளி அதைப்போலப் பல மடங்கு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. கனடா ஐஈஎல்டிஎஸ் புள்ளியைத் தன்னுடைய சி.எல்.பி. என்ற அளவுக்கு மாற்றும். நான்கிலும் 6 என்றால் சி.எல்.பி. 7. கேட்டலில் 8, வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7 என்றால் சி.எல்.பி. 9. மனைவி அந்த 9ஐ எட்டினால் ஆங்கிலத்துக்கான 64 புள்ளி 116 ஆகும். அதோடு நிற்காது. அந்தக் கூட்டுப் புள்ளிகளும் 13லிருந்து 25ஆகவும், 25லிருந்து 50ஆகவும் இரட்டிக்கும். 334 ஒரே தாவலில் 423 ஆகிறது. அதே படிப்பு, அதே வேலை, அதே வயது. 89 புள்ளி கூட.

ஆனால் நான்கும் ஒன்றாக ஏற வேண்டும். கேட்டல் 8, வாசிப்பு 7, பேச்சு 7 எடுத்து, எழுத்தில் மட்டும் 6.5 வந்தது என்று வையுங்கள். நம் ஆட்களுக்கு அதிகம் நடப்பதும் இதுதான். எழுத்துப் பிரிவில் போவது 7 புள்ளி மட்டும். கூட்டுப் புள்ளி இரண்டும் பழைய இடத்துக்கே விழுந்துவிடும், அதில் 37. மொத்தம் 379. எழுத்தில் அரை பேண்ட் குறைந்ததற்கு 44 புள்ளி நட்டம்! “ஓவரோல் 7.5” என்று பெருமையாகச் சொல்லுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எழுத்தில் எவ்வளவு என்றுதான். ஓவரோலை இந்தக் கணக்கு ஏறெடுத்தும் பார்க்காது. ஏஜென்டுக்குக் கொடுத்த காசில் பாதியை நல்ல எழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தால் என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லிப் பயனில்லை. 2024 ஜனவரி முதல் பி.டி.ஈ. கோர் என்ற பரீட்சையையும் கனடா ஏற்கிறது. எழுத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறவர்கள் அதையும் யோசிக்கலாம். எதுவானாலும் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

423 போதுமா? பொதுச் சுற்றுக்குப் போதாது. இங்கேதான் நான் சொன்ன கோட்டா வருகிறது. 2023 முதல் கனடா சில துறைகளுக்குத் தனிச் சுற்று வைக்கிறது. எந்தத் துறை என்பது வருடத்துக்கு வருடம் மாறும்; 2025இல் கல்வித் துறையைச் சேர்த்தார்கள், போக்குவரத்தை எடுத்தார்கள். சுகாதாரம் தொடக்கத்திலிருந்து இருக்கிறது, தாதியர் அதற்குள் வருகிறார்கள். 2025 பிற்பகுதியில் சுகாதாரச் சுற்றுகளின் வெட்டுப்புள்ளி 460க்கும் 480க்கும் இடையில் நின்றது. ஆகவே உங்கள் மனைவிக்கு 423க்கு மேல் இன்னும் நாற்பது, ஐம்பது தேவை. அது எட்டாத தூரம் இல்லை.

முதல் வழி இரண்டாவது சான்றிதழ். மூன்று வருட டிப்ளோமாவோடு, குறைந்தது ஒரு வருட உயர்கல்விச் சான்றிதழ் இன்னொன்று இருந்து, மதிப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டால் 112 என்பது 119 ஆகும். சி.எல்.பி. 9 இருந்தால் படிப்புக்கான கூட்டுப் புள்ளி 25லிருந்து 50 ஆகும். சேர்த்து 32; மொத்தம் 455. ஆறு மாதக் கோர்ஸ், வார இறுதிச் சான்றிதழ் எல்லாம் இதற்கு உதவாது. படிக்கத் தொடங்கும் முன்னரே அந்த நிறுவனத்தின் சான்றிதழ் மதிப்பீட்டில் தேறுமா என்று பாருங்கள்.

இருவரில் ஒருவருக்குக் கூடப்பிறந்தவர் கனடாவில் குடியுரிமையோ பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட உரிமையோ பெற்று வாழ்ந்தால் 15 புள்ளி. பெரியப்பா மகன், சித்தி மகள் நமக்கு அண்ணன், தங்கைதான்; கனடாக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். பிரெஞ்சு இன்னொரு பாதை. நான்கு பிரிவிலும் நடுத்தர நிலைக்கு மேல் பிரெஞ்சு வந்தால் 50 புள்ளிக்கு மேல் சேரும். அதற்கென்று தனிச் சுற்றும் உண்டு. 2025 மார்ச்சில் அப்படி ஒரு சுற்று 379இல் நின்றது. கொழும்பில் படிக்கலாம், கண்டியிலும் படிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் 6இல் நிற்கிறவர் அதை விட்டுவிட்டு பிரெஞ்சுக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரியது மாகாண நியமனம். ஒரு மாகாணம் இவர் எங்களுக்கு வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக நியமித்தால் 600 புள்ளி, பிறகு அழைப்பு நிச்சயம் என்றே வைக்கலாம். பல மாகாணங்கள் தாதியரைத் தேடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, திறக்கும் காலமும் வேறு.

வேலை வாய்ப்புக் கடிதம் வாங்கித் தருகிறேன், இத்தனை இலட்சம் என்று யாராவது வந்தால் இதைச் சொல்லுங்கள்: 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக்கு இருந்த 50, 200 புள்ளிகளை வரிசைக் கணக்கிலிருந்து கனடா எடுத்துவிட்டது. 67 பட்டியலில் அதற்கு இன்னும் 10 உண்டு என்பதைக் காட்டித்தான் இப்போதும் விற்கிறார்கள். கடிதம் போலி என்று தெரிந்தால் ஐந்து வருடத் தடை. “எனக்குத் தெரியாது, ஏஜென்ட் செய்தது” என்பது அங்கே எடுபடாது. காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் அங்கே பதிவுபெற்ற ஆலோசகர்கள், சட்டத்தரணிகள் போன்றவர்கள் மட்டும்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆலோசகர் என்றால் அவர்களைப் பதிவுசெய்யும் ‘கல்லூரி’ என்ற அமைப்பின் பட்டியலில் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் ஆளிடம் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வேலையைப் பற்றி. நீங்கள் பிரதான விண்ணப்பதாரியாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் இருந்தது. கனடா வேலைகளை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. இந்தத் திட்டத்துக்கு 0 முதல் 3 வரைதான் செல்லும். பதவியின் பெயரைப் பார்க்க மாட்டார்கள், செய்யும் வேலையைப் பார்ப்பார்கள். தோட்டத்தில் ஐந்தொகை வரை கணக்கு முடிப்பவரையும் கிளாக்கர் என்போம், பதிவேடு மட்டும் எழுதுகிறவரையும் கிளாக்கர் என்போம். பதிவேடு எழுதும் சாதாரண அலுவலக வேலை 4ஆம் தரம், செல்லாது. செக்ரோல் என்ற தொழிலாளர் வரவுப் பதிவேட்டைப் பார்த்துச் சம்பளக் கணக்கு முழுவதையும் பொறுப்பாகச் செய்வது 3ஆம் தரத்துக்கு வரும். முழுக் கணக்குப் பதிவும் செய்பவர் 2ஆம் தரம். “கிளார்க்காக வேலை செய்தார், நன்னடத்தை உள்ளவர்” என்று தோட்டத் துரை இரண்டு வரியில் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. என்னென்ன பொறுப்பு, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். செய்யாத வேலையை எழுதி வாங்கவும் கூடாது. மனைவியின் பெயரில் போனால் உங்கள் அனுபவம் கணக்கிலேயே வராது, அந்தத் தலைவலி இல்லை. மனைவியின் ஆஸ்பத்திரிக் கடிதம் இந்த முறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பி.ஆர். கிடைத்தால் அங்கே தாதியாக வேலை செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த உரிமத்தை அந்தந்த மாகாணத் தாதியர் அமைப்புதான் கொடுக்கும், அதற்கு வேறு ஆவணம், வேறு பரீட்சை.

அவுஸ்திரேலியாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கும் இதே இரட்டைக் கணக்குத்தான். 65 எடுத்தால் விருப்பம் தெரிவிக்கலாம்; அழைப்பு தொழிலுக்குத் தொழில் வேறு வெட்டுப்புள்ளியில் வரும். வயதில் அவர்கள் கொஞ்சம் தாராளம்: 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25. ஆங்கிலத்தில் நான்கிலும் 6 என்றால் பூச்சியம், 7 என்றால் 10, 8 என்றால் 20. உங்கள் மனைவிக்குப் போட்டுப் பார்த்தேன்: வயதுக்கு 30, நான்கிலும் 7 எடுத்தால் 10, டிப்ளோமாவுக்கு 10, நான்கு வருட அனுபவத்துக்கு 5, உங்கள் ஆங்கிலத்துக்கு 5. அறுபது. மிச்சம் 5ஐத் தமிழ் தரும். நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சமூக மொழிப் பரீட்சையில் தமிழும் உண்டு. இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும், 90க்குக் குறைந்தது 63 வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் தோட்டத்து நோயாளிக்கும் நடுவில் நின்று பேசிப் பழகியவருக்கு அது கஷ்டமாக இருக்காது. ஒரு மாநிலம் நியமித்தால் மேலும் 5. பெருநகரங்களுக்கு வெளியே வாழ்வதற்கான 491 விசாவுக்கு நியமித்தால் 15. ஆனால் தொழில் மதிப்பீட்டில் டிப்ளோமாவை ஏற்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பதில் வரும்வரை இந்த 65 காகிதத்தில்தான்.

நியூசிலாந்து 2023 ஒக்டோபரில் வரிசைப்படுத்துவதையே விட்டுவிட்டது. ஆறு புள்ளி இருந்தால் போதும், ஆனால் அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் வேலை இருக்க வேண்டும். பிரித்தானியா தன்னுடையதையும் புள்ளி முறை என்றுதான் சொல்கிறது. அது வேலை விசாவுக்கான தகுதிப் பட்டியல், யாரையும் யாரோடும் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது இல்லை.

கடைசியாக, ஆவணங்கள். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தையும் 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்த 60 நாளைத் தின்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, சாதாரணதரச் சான்றிதழில் முதலெழுத்து இடம் மாறி, கடவுச்சீட்டில் நான்காவது விதமாக. எங்கள் அப்பா, தாத்தா காலத்தில் பிரஜாவுரிமையே இல்லாமல் இருந்த சனத்தின் பத்திரங்கள் வேறு எப்படி இருக்கும்? திருத்தக்கூடியதைப் பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்துங்கள். முடியாததற்குச் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். சிங்களத்தில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். காசு காட்டுவதும் இருக்கிறது: 2025 ஜூலைக் கணக்குப்படி இருவருக்கு 19,001 கனேடிய டொலர். ஒவ்வொரு வருடமும் கூட்டுவார்கள். ஆறு மாதச் சராசரி இருப்பை வங்கிக் கடிதத்தில் கேட்பதால், ஒரு கிழமைக்குக் கைமாற்றாக வாங்கிப் போட்டு எடுக்கும் வேலை நடக்காது. கடன் பணம் கணக்கிலும் வராது.

நான் கொடுத்த இலக்கங்கள் 2025 கடைசி வரையானவை. பதியும் முன்னர் கனடா அரசின் இணையத்தளத்தில் உள்ள புள்ளிக் கணிப்பானில் மனைவியின் விவரங்களை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏஜென்டிடம் இருக்கும் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை இந்தக் கிழமையே வாங்கி மாற்றிவிடுங்கள்.